சோறு போடலாம், பிணைக் கையெழுத்துப் போட வேண்டாம்

ஹட்டனில் சிறு கடை நடத்தும் என் ராத்தாவின் மகனுக்கு 24 வயது. லீசிங்கில் ஓட்டோ எடுத்தான். மாதத் தவணை 18,000 ரூபா. மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டினான். நான்காம் மாதம் புதிய போன் வந்தது, தவணை நின்றது. ராத்தா காப்பை அடகு வைத்துக் கட்டினார். (வட்டி விடயம் தனியாக எழுத வேண்டியது.) பிறகு மச்சான் கொடுத்தார், நானும் கொடுத்தேன். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. பெருநாளன்று ஒன்றாக இருந்து பேசியபோதுதான், ஒரே நிலுவையைச் சொல்லி இரண்டு பேரிடம் வாங்கியிருப்பது வெளிவந்தது.

18,000 ரூபா சின்னக் காசு அல்ல. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 13 நாள் கொழுந்து பறித்தாலும் இந்தத் தவணைக்குப் போதாது. வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கும் நான், வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

கேட்கும்போதெல்லாம் கொடுப்பது, இல்லாவிட்டால் வீட்டை விட்டுத் துரத்துவது. நமக்குத் தெரிந்த வழிகள் இவைதான். சூரத்துன் நிஸாவின் 5ஆம் வசனம் வேறொன்றைச் சொல்கிறது: விவேகமில்லாதவர் கையில் செல்வத்தை ஒப்படைக்காதீர்கள், ஆனால் உணவும் உடையும் கொடுங்கள், நல்ல வார்த்தை பேசுங்கள் என்பது அதன் கருத்து. அடுத்த வசனம் அநாதைகளைச் சோதித்துப் பார்த்து, பக்குவம் கண்ட பிறகு அவர்களது சொத்தைக் கொடுக்கச் சொல்கிறது. வளர்ந்த பிள்ளைக்கு இதைப் பொருத்துவது என் விளக்கமே, ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்தது இதுதான். சோறும் படுக்கையும் எப்போதும் உண்டு. கையில் காசு இல்லை; அவன் யாரிடம் கேட்டாலும் மற்ற இருவருக்கும் சொல்லிவிட வேண்டும். பிணைக் கையெழுத்தும் இல்லை. இதில் பலர் ஏமாறுகிறார்கள். கடன்காரர் கட்டாவிட்டால் பிணை நின்றவரிடம்தான் வருவார்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பிணையாளியின் பெயரும் பதிவாகும். நாளை உங்கள் வீட்டுக் கடனுக்கு வங்கி அதைத்தான் பார்க்கும்.

நிலுவையைத் தவணையாகப் பிரித்துத் தரும்படி லீசிங் அலுவலகத்தில் அவனே பேசினான். நான் பக்கத்தில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. ஓட்டத்தில் வருவதில் தினமும் 600 ரூபா முதலில் ராத்தாவின் கடை டப்பாவுக்குள் போக வேண்டும் என்று பேசிக்கொண்டோம். சோதனையாக, கடையின் கரண்ட் பில்லைக் கட்டும் வேலையையும் கொடுத்தோம். முதல் மாதம் ரசீது இரண்டு நாள் பிந்தி வந்தது; மிச்சக் காசில் 200 ரூபா குறைந்தது. ராத்தா ஏசவில்லை, கொப்பியில் எழுதி வைத்தார்.

சென்ற மாதத் தவணையை அவனே கட்டினான், நான்கு நாள் பிந்தி, தாமதக் கட்டணத்தோடு. அந்த நான்கு நாளும் ராத்தா தூங்கவில்லை. எனக்கும் இரண்டு தடவை பேர்ஸில் கை போனது. காப்பு இன்னும் அடகில்தான். அதை மீட்க மாதம் 2,000 தருவதாகச் சொல்லியிருக்கிறான். முதல் 2,000 வந்திருக்கிறது.