காலரா நஞ்சு காட்டிய எலும்பின் ரகசியம்

1959ஆம் ஆண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் பேராசிரியர் சம்பு நாத் டே, காலரா கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை வடிகட்டினார். மிஞ்சியதை, இரு முனையும் கட்டப்பட்ட முயல் குடலுக்குள் செலுத்தினார். கிருமியே இல்லாமல் குடலில் நீர் பெருகியது. உயிரைக் குடிப்பது கிருமி வெளிவிடும் நஞ்சுதான் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்.

அந்த நஞ்சு எங்கே தாக்குகிறது என்பதைப் பின்வந்தவர்கள் கண்டறிந்தார்கள். செல்லுக்குள் 'ஜிஎஸ் ஆல்ஃபா' என்றொரு புரதம் உண்டு. ஹார்மோன் வந்தால் விழித்து, 'சைக்ளிக் ஏஎம்பி' என்ற தூது மூலக்கூறைப் பெருக்கிவிட்டு, மூடிய குழாய்போல அடங்கிவிடும். காலரா நஞ்சு அதன் 201ஆவது இடத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை மாற்றி, அடங்கவே விடாமல் செய்கிறது.

எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களிலும் இதே புரதம்தான். பாராதைராய்டு ஹார்மோனின் செய்தி இதன் வழியாக உட்கருவை எட்டுகிறது. அங்கே கிரெப், சி-ஃபாஸ், ரன்எக்ஸ்2 போன்ற மரபணு ஒழுங்கிகள் டிஎன்ஏவில் அமர்ந்து, செல் பெருகுவதா, முதிர்வதா, மடிவதா என்று முடிவு செய்கின்றன. ரன்எக்ஸ்2 இல்லாத சுண்டெலிகளுக்கு எலும்பே உருவாகவில்லை என்பது 1997இல் தெரியவந்தது.

ஆஸ்டியோபிளாஸ்ட்டுகளில் பெரும்பாலானவை வேலை முடிந்ததும் தாமாகவே மடிகின்றன. நீண்ட நாள் ஸ்டீராய்டு அந்தச் சாவை விரைவுபடுத்துகிறது. பாராதைராய்டு ஹார்மோனை நாளுக்கு ஒருமுறை செலுத்தினால் அந்தச் சாவு தள்ளிப்போகிறது என்று 1999இல் சுண்டெலிகளில் கண்டார்கள். அமெரிக்காவில் 2002இல் ஒப்புதல் பெற்ற டெரிபாரடைடு ஊசி இப்படி நாள்தோறும் போடப்படுவதுதான். அதே ஹார்மோன் ஓயாமல் சுரந்தாலோ எலும்பு கரைகிறது.

ஓயாத செய்தியின் விளைவை மெக்கூன்–ஆல்பிரைட் நோயாளிகளிடம் காணலாம். கருவிலேயே நேரும் மரபணுப் பிழையால், நஞ்சு தாக்கும் அதே 201ஆவது ஆர்ஜினின் அவர்களுக்கு மாறிவிடுகிறது. சி-ஃபாஸ் மிகுகிறது, எலும்பு செல்கள் பெருகியும் முதிர்வதில்லை. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசு நிறைந்து, சிறு அடியிலும் முறிகிறது.

குடலைப் பற்றிய கேள்வி எலும்பு மருத்துவத்துக்கும் வெளிச்சம் தரும் என்று 1959இல் யாரும் சொல்லியிருக்க முடியாது. டேயை 1978இல் நோபல் கருத்தரங்குக்கு அழைத்தார்கள். 1985இல் அவர் மறையும்வரை இந்திய அறிவியல் கழகங்கள் அவரை உறுப்பினராகக்கூடச் சேர்க்கவில்லை. உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆய்வுக்கு நிதி ஒதுக்குபவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். நம் மருத்துவக் கல்லூரிகளில் இன்று கேட்கப்படும் அடிப்படைக் கேள்விகளுக்கு இடமும் காலமும் தருவதே டேவுக்குச் செய்யும் உண்மையான மரியாதை.