பச்சைப்புள்ளி இருந்தா பூமிக்கு நல்ல உணவா? கடைக்கு போகுமுன் இதை படிங்க!

தர்மபுரி:-

மளிகை பாக்கெட்டில் பச்சைப்புள்ளி இருந்தா பூமிக்கும் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. அந்த புள்ளிக்கு 'சைவம்' என்று மட்டுமே அர்த்தம். 'ஜைவிக் பாரத்' முத்திரை இருந்தா இயற்கை விவசாய பொருள். அந்த உணவை விளைவிக்க எவ்வளவு வெப்ப வாயு வெளியானது என்பதை இரண்டுமே சொல்லாது. அப்படின்னா எதை பார்த்து வாங்குவது?

கறியா, பயறா?

2018-ம் ஆண்டு வெளியான உலக அளவிலான ஆய்வு இதை கணக்கு போட்டு காட்டியது. உலக சராசரியாக ஒரு கிலோ செம்மறி ஆட்டுக்கறிக்கு சுமார் 40 கிலோ கரியமில வாயுவுக்கு சமமான வாயு வெளியாகிறது. கோழிக்கறிக்கு சுமார் 10 கிலோ. அரிசிக்கு 4 கிலோவுக்கு மேல். பட்டாணிக்கு 1 கிலோதான்.

அரிசிக்கு ஏன்?

தண்ணீர் தேங்கிய நெல் வயலில் மண்ணுக்குள் காற்று போகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். 100 ஆண்டு கணக்கில் இது கரியமில வாயுவை விட சுமார் 28 மடங்கு பூமியை சூடாக்கும். ராகிக்கு தேங்கிய தண்ணீர் தேவையில்லை. மானாவாரியிலேயே விளைந்து விடும்.

தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்கு பதில் 2 கிலோ ராகி வழங்கும் திட்டம் 2023 மே மாதம் தொடங்கப்பட்டது. மூன்று வேளையும் சோறு என்பதில் ஒரு வேளை களி, கூழ் என்று மாற்றினாலே பலன் உண்டு.

தூரம் மட்டும் போதாது

உள்ளூர் சரக்கு என்றால் எல்லாமே நல்லது என்றும் சொல்ல முடியாது. பெரும்பாலான உணவுகளில் லாரி, கப்பல் புகையை விட விளைச்சலில் வெளியாகும் வாயுதான் அதிகம். விமானத்தில் வரும் பழங்கள் மட்டும் விதிவிலக்கு. அந்தந்த சீசனில் விளையும் காய், பழங்களை வாங்கினா விலையும் குறையும்.

கொட்டாதீங்க

எதை வாங்கினாலும் குப்பையில் கொட்டினா எல்லாம் வீண். 2022-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கூறியுள்ளது. இதில் பாதிக்கு மேல் வீடுகளில் வீணானதுதான்.

அதற்காக வளரும் பிள்ளைகளுக்கு முட்டையை நிறுத்த வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் கறிக்கு பதில் கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு குழம்பு வைத்தால் பர்சுக்கும் லாபம், பூமிக்கும் லாபம்.