நடந்தும் குறையாத எடை

தமிழர்கள் நாலு பேர் கூடுமிடத்தில், ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைத்ததா என்ற பேச்சுக்கு அடுத்தபடியாக இப்போது அடிபடும் விஷயம் உடல் எடைதான். "அரிசியையே விட்டாச்சு சார், ராத்திரி ரெண்டு சப்பாத்திதான். காலையில ஒரு மணி நேரம் வாக்கிங். ஆனா வெயிட் மட்டும் குறைய மாட்டேங்குது" என்று தில்லி வாழ் அன்பர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் வீட்டிலும் இதே கதைதான். என் துணைவியார் மூன்று வருடங்களாக நடக்கிறார். எடை 70 கிலோவிலேயே நிற்கிறது. உறவினர் ஒருவர் விளையாட்டாக, "ராத்திரி யாருக்கும் தெரியாம ஃபிரிட்ஜைத் திறப்பீங்களோ?" என்று கேட்டுவிட, அதன்பின் ஒரு வாரம் அவர் நடக்கவே போகவில்லை. கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தப் புதிருக்கு அறிவியல் என்ன விடை சொல்கிறது என்பதை எளிமையாகக் கூற விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அரிசியானாலும் கோதுமை மாவானாலும் 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரிதான். ஆகவே சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுவதால் மட்டும் எடை குறைந்துவிடாது. அளவு குறைய வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. நல்லெண்ணெயோ, ஆலிவ் எண்ணெயோ, இதில் பேதமில்லை. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது 200 முதல் 250 கலோரி. குளிர்காலத்தில் இங்கே தள்ளுவண்டியில் விற்கும் மூங்ஃபலியை, அதாங்க நம்ம வேர்க்கடலையை, உரித்து 40 கிராம் சாப்பிட்டால் நடந்த கணக்கு நேராகிவிடும். வேர்க்கடலை நல்ல உணவுதான். ஆனால் நல்ல உணவு என்பது வேறு, குறைந்த கலோரி என்பது வேறு.

இந்தக் கணக்கு யாருக்கும் கண்ணால் பார்த்துப் பிடிபடுவதில்லை. 1992-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் எடை குறையவில்லை என்றவர்களை எடுத்துக்கொண்டார்கள். உடல் செலவிடும் சக்தியை விசேஷ நீரைக் குடிக்கக் கொடுத்துத் துல்லியமாக அளந்தார்கள். அவர்கள் உண்மையில் சாப்பிட்டதைவிடச் சுமார் 47 சதவீதம் குறைவாகவும், உழைப்பை 51 சதவீதம் கூடுதலாகவும் சொல்லியிருந்தார்கள். இதைப் பொய் என்று கொள்ளக் கூடாது. தாளிக்கும் எண்ணெயும், குழந்தை தட்டில் மிச்சம் வைத்ததும், வாயில் போட்டுப் பார்த்த உப்பு-காரமும் யார் நினைவிலும் நிற்பதில்லை.

இரண்டாவது காரணம், நம் உடம்பே எடை இழப்பை எதிர்க்கிறது. 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்று உணவு தந்து ஆராய்ந்தார். எடை குறையக் குறைய அவர்கள் உடம்பு சக்தியைச் சிக்கனமாகச் செலவிடத் தொடங்கியது; பசியோ நாளுக்கு நாள் வளர்ந்தது. கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994-ல் கண்டறியப்பட்டபோது இதன் ரகசியம் ஓரளவு விளங்கிற்று. கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைத் தூண்டும். அதனால்தான் முதல் இரண்டு மாதம் மளமளவென்று குறைந்த எடை, பிறகு அசைய மறுக்கிறது.

இவை தவிர தைராய்டு குறைவு, பெண்களுக்கு வரும் சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு, இன்சுலின் போன்ற மருந்துகள், போதிய தூக்கமின்மை ஆகியவையும் எடையைப் பிடித்து வைக்கும். எனவே ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுவது உத்தமம். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

நம்மவர்களுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. ஒல்லியாகத் தெரியும் இந்தியரின் உடம்பிலும் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. புணேயின் டாக்டர் யாஜ்னிக் 2004-ல் லான்செட் இதழில் தம்மையும் ஓர் ஆங்கிலேய நண்பரையும் ஒப்பிட்டுக் காட்டினார். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றுதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு அவருக்கு 21.2 சதவீதம், நண்பருக்கு 9.1 சதவீதம்! இதனால்தான் இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

அப்படியானால் எடை குறையாத நடை வீண்தானா? இல்லவே இல்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். உணவு, நடைப் பழக்கங்களை மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை! தராசு காட்டாத லாபம் இரத்தத்தில் சேர்ந்துகொண்டிருந்தது என்று பொருள்.

ஆகவே அன்பர்களே, மாதாமாதம் எண்ணெய் எத்தனை லிட்டர் வாங்குகிறோம் என்று எழுதி வையுங்கள். வீட்டில் உள்ளவர்களால் அதை வகுத்துப் பாருங்கள். தட்டில் பருப்பு, தயிர், முட்டை போன்ற புரதம் கூடட்டும். நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்யுங்கள். எடை மெஷினோடு இன்ச் டேப்பும் வீட்டில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முயல்பவரைப் பார்த்து "இன்னும் குறையலையா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நாளைக்கு நானும் கூட வரேன்" என்று சொல்லிப் பாருங்கள்.