அட்லிஸ்வில்லில் இருந்து ஓர் அமைச்சர்

வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கச் செல்லும் நம்மவர் சூரிச் மாநிலக் குடிவரவுத் திணைக்களத்தின் வாயிலை நன்கறிவர். அதற்குப் பொறுப்பான அமைச்சரின் பெயரை அறிந்தோர் சிலரே.

2011இல் அப்பொறுப்பை ஏற்றவர், சீல் ஆற்றங்கரையிலுள்ள அட்லிஸ்வில்லைச் சேர்ந்த மாரியோ ஃபேர். 1958இல் பிறந்தவர். சமூக ஜனநாயகக் கட்சியின் சார்பில் 1999 முதல் பேர்ணில் தேசிய சபை உறுப்பினராயிருந்து, திபெத்துக்கான நாடாளுமன்றக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். பொலிஸ், இராணுவ நிர்வாகம், சிவில் பாதுகாப்பு, குடிவரவு ஆகிய யாவும் அவரது பாதுகாப்புத் துறைக்குள் அடங்கின.

இடதுசாரியிடம் அகதிகள் பரிவை எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும் தஞ்சம் மறுக்கப்பட்டோர்மீது அத்துறை காட்டிய கடுமையைச் சொந்த அணியினரே கண்டித்தனர். பொலிசார் உளவு மென்பொருள் வாங்கிய விவகாரத்தில், 2015இல் கட்சியின் இளைஞரணி அவர்மீது குற்றமுறைப்பாடே செய்தது. 2021இல் கட்சியை விட்டு விலகிய அவர், 2023இல் சுயேச்சையாக நின்று வென்றார்.

தஞ்சக் கோரிக்கையை ஏற்பதும் மறுப்பதும் மத்திய அரசின் அலுவல். அனுமதியைப் புதுப்பிப்பதும், மறுக்கப்பட்டோரைத் திருப்பியனுப்புவதும் மாநிலத்தின் கையிலுள்ளவை. எழுவர் கொண்ட மாநில அரசைத் தெரிவு செய்யும் வாக்கு சுவிஸ் பிரசைகளுக்கே உண்டு. நம் பிள்ளைகள் பலர் இன்று அவ்வுரிமை பெற்றவர்கள். தபாலில் வரும் அந்த வாக்குறை, பிரிக்கப்படாமலே சில வீடுகளில் கிடக்கக் கண்டிருக்கிறோம்.