வானில் நிலைத்த அரபுப் பெயர்கள்

நம் இல்லங்களில் பெண் மக்களுக்குச் சுரையா என்று பெயர் சூட்டி மகிழ்கிறோம். அந்தச் சுரையா வானத்தில் எங்கே இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தை மாதத்தின் தெளிந்த இரவொன்றில், இஷா தொழுகைக்குப் பின் பிள்ளைகளுடன் மொட்டை மாடியில் கிழக்கு நோக்கி நில்லுங்கள். உயரத்தில் மூன்று விண்மீன்கள் வரிசையாய் நிற்கும். அவை ஓரியன் கூட்டத்தின் இடைக்கச்சை. இடப்புறம் செந்நிறமாய் ஒளிர்வது திருவாதிரை. வலப்புறம் நீலவெண்மையாய் மின்னுவது ரைஜல். பாதம் எனப் பொருள்படும் ‘ரிஜ்ல்’ என்னும் அரபுச் சொல்லே ரைஜல் ஆயிற்று.

அவ்வரிசையை மேல்நோக்கி நீட்டினால் ரோகிணியை அடையலாம். அரபியர் அதனை ‘அத்தபரான்’, அதாவது பின்தொடர்வது என்றனர். அது பின்தொடர்வது சுரையாவைத்தான்! நாம் கார்த்திகை என்றழைக்கும் விண்மீன் கொத்தே சுரையா. வரிசையைக் கீழ்நோக்கி நீட்டினால், இரவு விண்மீன்களிலேயே மிகப் பிரகாசமான சிரியஸ் தென்படும். அதுவே அரபியில் ‘ஷிஃரா’. அறியாமைக் காலத்தில் சிலர் அதனை வணங்கினர் என்பர் விரிவுரையாளர்கள். அதற்கும் இறைவன் அல்லாஹ்வே என்பதைத் திருமறையின் 53ஆவது அத்தியாயமான அந்நஜ்மு உணர்த்துகிறது.

அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் பாரசீக அறிஞர், கிரேக்கரான தாலமியின் விண்மீன் பட்டியலைத் தம் கண்ணால் சரிபார்த்துத் திருத்தி, கி.பி. 964இல் ஒரு நூல் இயற்றினார். ஆண்ட்ரோமீடா கூட்டத்தில் ‘சிறு மேகம்’ ஒன்றையும் அவர் குறித்தார். அது தனியொரு விண்மீன் மண்டலம் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று. தொலைநோக்கி தோன்றுவதற்கு 600 ஆண்டுகளுக்கும் முன்பே அவர் அதனைக் கண்டிருக்கிறார்!

முன்னோர் சூட்டிய பெயர்கள் வானில் நிலைத்துள்ளன. ஆயினும் நாமோ பிறை பார்க்கும் நாளில் மட்டுமே அண்ணாந்து பார்க்கிறோம். பெயர்களை மட்டும் காட்டிப் பெருமை பேசினால் போதுமா? அவர்களுடைய ஆய்வு வேட்கை நம் பிள்ளைகளிடம் தழைக்க வேண்டாமா?

வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றால், ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 1986இல் திறக்கப்பட்ட அதன் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் விட்டம் உடையது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்டபோது, அதற்குச் சான்று தந்த இடங்களுள் காவலூரும் ஒன்று.

பார்வையாளரை அனுமதிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, குடும்பத்துடன் சென்று வாருங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றிரவே மாடிக்குச் சென்று உங்கள் பிள்ளைக்குச் சுரையாவைக் காட்டுங்கள். படைப்பைச் சிந்திக்கும் உள்ளம், இன்ஷா அல்லாஹ், படைத்தவனை மறவாது.