மெடிக்கலுக்குப் போவது நீங்கள், கணக்குப் போடுவது இன்னொருவருக்கு

ஆஸ்திரேலியாவின் விசா ஆண்டு ஜூன் 30-ல் முடிகிறது. அதை ஒட்டிய மாதங்களில், 'உடல்நலப் பரிசோதனையை 28 நாட்களுக்குள் முடிக்கவும்' என்று குடிவரவுத் துறையிலிருந்து கடிதம் வந்தவர்கள் நமக்கும் எழுதுகிறார்கள். "சுகர் 180-ல் நிற்கிறது. ஒரு மாதம் சோற்றை நிறுத்தினால் பாஸாகிவிடலாமா?" என்கிறார் ஒருவர். "ஸ்டென்ட் வைத்து எட்டு வருஷமாகிறது, சொல்லித்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்கிறார் இன்னொருவர். மகனுக்கு ஆட்டிசம் உள்ள ஒரு தாய், "அவனை இப்போது விட்டுவிட்டுப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட்" என்று எழுதியிருக்கிறார். முழுச் செலவையும் தாமே ஏற்பதாகப் பத்திரத்தில் எழுதித் தரலாமா என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

ஆன்லைனில் எப்படிப் பதிவது, பேனல் டாக்டரிடம் எப்படி நேரம் வாங்குவது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அது உங்கள் ஏஜென்டுக்கு அத்துப்படி. இந்தக் கேள்விகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் ஒரு நம்பிக்கையைத்தான் பார்க்க வேண்டும். 'நான் ஆரோக்கியமாக இருக்கிறேனா என்று சோதிக்கிறார்கள்' என்ற நம்பிக்கை அது. காசநோய் விஷயத்தில் மட்டும் அது சரி. மற்ற நோய்களில் பார்க்கப்படுவது டாலர்.

சென்னையில் உங்கள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கும் டாக்டர் எதையும் தீர்மானிப்பதில்லை. பரிசோதனை முடிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, குறிப்பிடும்படி எதுவும் இல்லையென்றால் 'ஏ' என்றும் இருந்தால் 'பி' என்றும் தரம் போடுவதோடு அவர் வேலை முடிந்தது. 'பி' விழுந்தால் கோப்பு ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ அதிகாரிக்குப் போகும். பெரும்பாலும் அவர் உங்களை நேரில் பார்க்க மாட்டார். அவர் தரும் கருத்தைச் சரியென்றே விசா அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது குடிவரவு விதி 2.25ஏ. வேறொரு பெரிய டாக்டரின் சான்றிதழை வைத்து விசா அதிகாரியிடம் வாதாட இடமில்லை.

அந்த மருத்துவ அதிகாரியும் உங்களுக்காகக் கணக்குப் போடுவதில்லை. உங்களுக்குள்ள நோய் உள்ள ஒரு கற்பனை நபரை அவர் எதிரில் நிறுத்திக்கொள்கிறார். ஆஸ்திரேலியாவில் அந்த நபருக்கு எந்தெந்தச் சிகிச்சை, மருந்து, உதவித்தொகை, பராமரிப்புச் சேவை தேவைப்படலாம் என்று பட்டியலிட்டு, அரசுக்கு ஆகும் செலவைக் கூட்டுகிறார். நீங்கள் அந்தச் சேவைகளை உண்மையில் பயன்படுத்துவீர்களா மாட்டீர்களா என்பதைப் பார்க்கவே கூடாது என்று விதியின் வாசகமே சொல்கிறது. பத்திரம் எழுதித் தர நினைப்பவர்களுக்கும் இதுதான் பதில். தனியார் காப்பீடு, வங்கி இருப்பு, சிட்னியில் டாக்டராக இருக்கும் மகள் என எதுவும் இந்தக் கூட்டலில் வராது. கற்பனை நபருக்கு மகளும் இல்லை, பேங்க் பேலன்ஸும் இல்லை.

அவர் வேலைக்குப் போவாரா, வரி கட்டுவாரா என்பதும் இந்தக் கட்டத்தில் கேட்கப்படாத கேள்விகள். பற்று மட்டும் எழுதி, வரவுக்குப் பத்தியே போடாத பேரேடு இது. 2008-ல் விக்டோரியா மாநிலத்தின் ஹார்ஷம் என்ற சிற்றூரில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. டாக்டர் பற்றாக்குறையில் தவித்த அந்த ஊரில் வேலை பார்த்த ஜெர்மன் மருத்துவர் ஒருவரின் குடும்பத்துக்கு நிரந்தர வசிப்புரிமை மறுக்கப்பட்டது. 13 வயது மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்பது காரணம். ஊரே கொதித்தது. கடைசியில் குடிவரவு அமைச்சர் கிறிஸ் எவன்ஸ் தலையிட்டு அனுமதி கொடுத்தார். ஊரும் பத்திரிகைகளும் திரும்பிப் பார்க்காத குடும்பங்களுக்கு விதி விதியாகவே இருந்தது.

'ஊனத்தை வைத்து யாரையும் நிராகரிப்பதில்லை, செலவைத்தான் பார்க்கிறோம்' என்பது துறை வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அப்படியானால், 1992-ம் ஆண்டு ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் 52-வது பிரிவில் குடிவரவுச் சட்டத்துக்கு எதற்காகத் தனி விலக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி வரம்பு. கற்பனை நபரின் செலவு 86,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டினால் அது 'கணிசமான செலவு', விசா இல்லை. 2024 ஜூலை 1-க்கு முன்பு இந்த வரம்பு 51,000. பெரிய தாராளம்போலத்தான் தெரியும். எத்தனை வருடச் செலவு அது என்று பாருங்கள். தற்காலிக விசா என்றால் அந்த விசாவின் காலத்துக்கு மட்டும் கூட்டுகிறார்கள். நிரந்தர விசா என்றால் பொதுவாக ஐந்து வருடம். ஆனால் நோய் தீராதது, அதன் போக்கும் கணிக்கக்கூடியது என்றால் பத்து வருடம் வரை கூட்டலாம். நம்மவர்கள் கேட்கும் நோய்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். 86,000-ஐப் பத்தால் வகுத்தால் வருடத்துக்கு 8,600.

ஒருவருடைய சிகிச்சைக்கு ஆஸ்திரேலிய விலையில் வருடம் 10,000 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி எடுத்துத் தரும் நான்கு வருட வேலை விசாவுக்கு அவர் கணக்கு 40,000. தாராளமாகப் பாஸ். நான்கு வருடம் வேலை பார்த்து, வரி கட்டி, பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டு, புள்ளி அடிப்படையிலான நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கிறார். அதே நோய், அதே மாத்திரை. கணக்கு இப்போது 1,00,000, ஃபெயில். 'முதல் விசாவுக்கு மெடிக்கல் பிரச்சினையே இல்லாமல் முடிந்தது, பிஆருக்கு எப்படி மறுக்கிறார்கள்?' என்று மெல்பர்னிலிருந்து வரும் கடிதங்களுக்கெல்லாம் பின்னால் இருப்பது இந்தப் பெருக்கல்தான். தற்காலிகமாக வந்து உழைக்கும்வரை நோய் ஒரு பொருட்டில்லை. தங்குகிறேன் என்று சொன்ன பிறகுதான் அது செலவாகிறது.

விலையும் அங்கத்திய விலைதான். சென்னையில் மலிவாகக் கிடைக்கும் மாத்திரைக்கு அந்த அரசு என்ன விலை கொடுக்கிறதோ அதுவே கணக்கு. மெட்ஃபார்மினும் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுபவர், சிறுநீரகம், கண், இதயம் எல்லாம் நன்றாக இருக்கும்வரை, இந்த வரம்புக்கு அருகில்கூடப் போவது அரிது. ஆகவே சோற்றை நிறுத்த வேண்டியதில்லை, ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மூட்டுவாதத்துக்கு பயாலஜிக் ஊசி போட்டுக்கொள்பவர், எச்ஐவி மருந்து எடுப்பவர், தொடர் பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெற்றோர் ஆகியோர்தான் விண்ணப்பிக்கும் முன்பே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். டயாலிசிஸும் உறுப்பு மாற்றும் இன்னும் கடினம். அங்கேயே பற்றாக்குறையாக உள்ள சேவைகளில், உள்ளூர்க்காரர்களின் வாய்ப்பைக் கெடுப்பதும் மறுப்பதற்குத் தனிக் காரணம்.

இந்தக் கூட்டலில் விண்ணப்பதாரர் கை வைக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். 2005-ல் ராபின்சன் வழக்கில் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. கற்பனை நபருக்கு நோயின் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, விண்ணப்பதாரருக்கு அது எந்த வடிவில், எந்த அளவில் இருக்கிறதோ அந்த வடிவமும் அளவும் அவருக்கும் இருக்க வேண்டும் என்றது. லேசான டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு, டவுன் சிண்ட்ரோம் உள்ள எல்லாருடைய செலவையும் ஏற்றிவைக்க முடியாது. அதாவது அந்தக் கற்பனை நபருக்குக் கண்ணும் மூக்கும் வைப்பது உங்கள் கோப்பில் உள்ள காகிதங்கள்தான்.

அந்தக் காகிதங்கள் நம் ஊரில் எப்படி இருக்கின்றன? வாசகர் ஒருவர் அனுப்பிய நகலில் லெட்டர்ஹெட் பாதிப் பக்கம், டாக்டரின் பட்டங்கள் இரண்டு வரி. விஷயம் மூன்றே வரி: 'டைப் 2 டயபடீஸ், ஹைப்பர்டென்ஷன், இதய ரத்தக்குழாய் நோய். ஸ்டென்ட் வைக்கப்பட்டுள்ளது. தொடர் சிகிச்சையில் இருக்கிறார், பயணத்துக்குத் தகுதியானவர்.' கீழே வட்ட முத்திரை. டிக்கெட் கவுன்டருக்கு இது போதும். சிட்னியில் கோப்பைத் திறப்பவருக்கோ இதில் ஒன்றுமே இல்லை. ஸ்டென்ட் எந்த வருடம், எத்தனை, அதன் பிறகு நெஞ்சுவலி வந்ததா, எக்கோவில் இதயத்தின் பம்பிங் எவ்வளவு, எச்பிஏ1சி எத்தனை, கிரியேட்டினின் எத்தனை, மாத்திரைகளின் பெயரும் அளவும் என்ன, அடுத்த சில வருடங்களில் அறுவை சிகிச்சைக்குத் தேவை இருக்கிறதா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒவ்வொரு கேள்விக்கும் வாரங்கள் போகும்.

'பிற்காலத்தில் பைபாஸ் தேவைப்படலாம்' என்று டாக்டர்கள் முன்ஜாக்கிரதையாக எழுதிவைக்கும் ஒரு வரியும் உண்டு. உண்மையிலேயே தேவைப்படுமென்றால் இருக்கட்டும். டெம்ப்ளேட்டில் இருப்பதால் வந்து உட்கார்ந்த வரி என்றால், அந்தக் கற்பனை நபரை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பக்கூடியது அது ஒன்றுதான். நோயைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள், உள்ளதை உள்ள அளவில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 'ஆட்டிசம்' என்ற ஒரு சொல்லோடு போகும் கோப்பும், என்ன பேசுகிறான், தானாக என்னென்ன செய்துகொள்கிறான், எந்தப் பள்ளியில் எந்த உதவியோடு படிக்கிறான் என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்லும் கோப்பும் ஒரே கற்பனைக் குழந்தையை உருவாக்குவதில்லை. அப்படியும் வரம்பைத் தாண்டிவிடலாம். ஆனால் தாண்டுவது உங்கள் பிள்ளையின் கணக்காகவாவது இருக்கும்.

வரம்பைத் தாண்டினால் எல்லாம் முடிந்ததா என்றால், எந்த விசா என்பதைப் பொறுத்தது. 4005 என்ற நிபந்தனையின் கீழ் வரும் விசாக்களில் விலக்கே கிடையாது. புள்ளி அடிப்படையிலான 189, 190 விசாக்களும், பெற்றோருக்கான 143-ம் இதில் வருகின்றன. 4007-ன் கீழ் வரும் துணைவர் விசா, அகதிகளுக்கான விசாக்கள், கம்பெனி பரிந்துரைக்கும் 186-ன் சில பிரிவுகள் போன்றவற்றில் விலக்கு கேட்கலாம். மேலே சொன்ன பேரேட்டில் விடுபட்ட வரவுப் பத்தி அங்கேதான் திறக்கிறது. உங்கள் வருமானம், குடும்பம், அந்த ஊருக்கு உங்கள் தேவை எல்லாம் அப்போதுதான் பேசப்படும். உடம்பில் கோளாறு உள்ளவர்கள் புள்ளிகளை எண்ணுவதற்கு முன்னால், தாங்கள் விண்ணப்பிக்கும் விசா 4005-ஆ, 4007-ஆ என்று பார்ப்பது நல்லது. எந்த விசா சீக்கிரம் கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லும் ஏஜென்டிடம் இதையும் கேளுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மகனை விண்ணப்பத்தில் சேர்க்காமல் விட்டால்? உங்களோடு வராத பிள்ளைக்கும் நிரந்தர விசாவில் பொதுவாக மெடிக்கல் உண்டு. அவன் தேறாவிட்டால் குடும்பத்துக்கே விசா இல்லை.

ஸ்டென்டை மறைத்தால்? பொய்த் தகவலுக்கு 4020 என்று வேறொரு நிபந்தனை இருக்கிறது. விசா மறுப்பதோடு மூன்று வருடத் தடையும் வரும்.

கடிதத்தில் உள்ள 501, 502, 707 என்ன? முறையே உடல் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, எச்ஐவி ரத்தப் பரிசோதனை.

குழந்தைகளுக்கும் எல்லாம் உண்டா? எக்ஸ்ரே 11 வயதிலிருந்து, எச்ஐவி 15 வயதிலிருந்து.

நர்ஸ் வேலைக்குப் போகிறேன்? ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளும் சேரும்.

பழைய காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிகிறது? சளியைக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள், அதற்கே இரண்டு மாதம் ஆகலாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமும் சிகிச்சை முடித்த சீட்டும் இருந்தால் கொண்டுபோங்கள்.

அதற்குள் 28 நாள் முடிந்துவிடுமே? நேரம் வாங்கிய சீட்டை இணைத்து, கெடு முடிவதற்குள் அவகாசம் கேட்டு எழுதுங்கள்.

மாதவிடாய் நாளில் தேதி விழுந்தால்? சிறுநீர்ப் பரிசோதனைக்கு வேறு நாள் கேளுங்கள்.

கர்ப்பமாக இருந்தால்? எக்ஸ்ரே எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பிரசவம் வரை தள்ளிவைக்கலாம்.

அன்று பிபி ஏறிவிட்டால்? உட்காரவைத்துத் திரும்பப் பார்ப்பார்கள். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டே போங்கள்.

படிவம் 815-ல் கையெழுத்துக் கேட்கிறார்கள், மறுத்துவிட்டார்களா? இல்லை. அங்கே இறங்கிய பிறகு உடல்நலத் தொடர் பரிசோதனைக்கு வருவேன் என்ற உறுதிமொழி அது, போட்டுக் கொடுங்கள்.

மெடிக்கல் முடிவு எவ்வளவு நாள் செல்லும்? பொதுவாக 12 மாதம்.