தலையில் கட்டி: எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எதற்கு?



கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா எங்களிடம் வந்து தலையைத் தொட்டுக் காட்டினார். வயது 46. உச்சிக்குச் சற்று முன்னால், கூடைக் கயிறு பதிகிற இடத்தில், பாதி எலுமிச்சங்காய் அளவில் ஒரு மேடு. "கயிறு பட்டுக் காய்ச்சிப் போச்சுங்க ஐயா, மூணு வருஷமா இருக்கு" என்றார். லயத்திலும் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்தார்கள், பற்றுப் போட்டார்கள். கிளினிக் போனால் ஒரு நாள் பேர் போய்விடுமே என்று அவரும் வாய் திறக்கவில்லை.

கயிறு பட்டால் தோல் தடிக்கும், முடி உதிரும். ஆனால் கல் மாதிரி எலும்போடு ஒட்டிய மேடு வளர்ந்துகொண்டே வந்தால், பழியைக் கயிற்றின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

தலைக் கட்டி என்றாலே பயப்படவும் வேண்டாம். விரலால் தள்ளினால் தோலோடு நகர்கிற கட்டி பெரும்பாலும் கொழுப்புக் கட்டி அல்லது தோலுக்குள் அடைபட்ட கட்டியாக இருக்கும். நகராமல் கெட்டியாக இருந்தால் அது எலும்பில் இருக்கலாம். அதிலும் பல விதம் உண்டு. ஒன்றும் செய்யாத எலும்பு முடிச்சு இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு மண்டையோட்டில் ஒரே இடத்தை அரித்து ஓட்டையாக்கும் நோய் ஒன்று இருக்கிறது, அது வைத்தியத்தில் நன்றாகக் குணமாவது உண்டு. மார்பிலோ நுரையீரலிலோ இருக்கும் புற்றுநோய் மண்டையோட்டுக்குப் பரவுவதும் உண்டு. தொட்டுப் பார்த்து இது இன்னது என்று சொல்ல டொக்டராலும் முடியாது.

மண்டையோடு ஒரே பலகை அல்ல. வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் தேன்கூடு மாதிரிப் பகுதி, அதற்குள் எலும்புச் சோறு. உள்தகட்டுக்குக் கீழே மூளையைச் சுற்றிய தடித்த சவ்வு. எக்ஸ்ரேயில் எலும்பு தடித்ததும் அரிக்கப்பட்டதும் தெரியும். சீ.ரீ. ஸ்கேனில் அது இன்னும் நுணுக்கமாகத் தெரியும். ஆனால் நோய் சவ்வைத் தாண்டிவிட்டதா, மூளையைத் தொடுகிறதா, உச்சிக்கு நடுவே ஓடும் பெரிய இரத்தக் குழாயை அழுத்துகிறதா என்பதை நன்றாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ.தான்.

இந்த மெஷின் ஒரு பெரிய காந்தம். ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக இருப்பது 1.5 டெஸ்லா பலம். பூமியின் காந்தத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு. நம் உடம்பில் உள்ள நீரும் கொழுப்பும் இந்தக் காந்தத்துக்குள் ரேடியோ அலை பட்டதும் மெல்லிய சைகை ஒன்றைத் திருப்பி அனுப்பும். கம்ப்யூட்டர் அதைப் படமாக்கும். எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது. இதைக் கண்டுபிடித்ததற்காக லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்ட் என்ற இருவருக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. கெட்டி எலும்பில் நீர் குறைவு, ஆகவே அது கறுப்பாகத் தெரியும். எலும்புச் சோற்றில் கொழுப்பு இருப்பதால் ஒரு வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை ஓரிடத்தில் மங்கியிருந்தால் அங்கே ஏதோ புகுந்திருக்கிறது. சில நேரம் கைநரம்பில் மருந்து ஏற்றி மறுபடியும் படம் எடுப்பார்கள், கட்டி பளிச்சென்று தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் சிறு துண்டு எடுத்துச் சோதித்தால்தான் சில நோய்களின் பெயர் உறுதியாகும்.

அந்த அம்மாவின் எக்ஸ்ரேயில் எலும்பு தடித்திருப்பது மட்டும் தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யில்தான் விஷயம் வெளிவந்தது. கட்டி தொடங்கியது எலும்பில் அல்ல, அடியில் உள்ள சவ்வில். மெனிஞ்சியோமா என்று பெயர். பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல, மெதுவாக வளரும். எவ்வளவு அகலம் திறக்க வேண்டும், பெரிய இரத்தக் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒப்பரேஷனுக்கு முன்பே டொக்டருக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் ஸ்கேன் எடுக்கும் அன்று பட்டபாடு வேறு. உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது. காது தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, தாயத்து, அரைஞாண், கொக்கி வைத்த உடுப்பு எல்லாம் கழற்ற வேண்டும். நம் பெண்கள் தாலியில் கோர்த்து வைக்கும் ஊசி இருக்கிறதே, அதுதான் பெரிய ஆபத்து, இரும்பாக இருந்தால் காந்தம் அதைப் பிடுங்கி இழுக்கும். தாலியைக் கழற்ற மாட்டேன், திரும்பிப் போகிறேன் என்று அந்த அம்மா அழுதுவிட்டார். கூட வந்த மாமியார்தான் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டு, தாலியைத் தன் மடியில் முடிந்துகொண்டார். போகிறவர்கள் வீட்டிலிருந்தே மஞ்சள் கயிறு கொண்டுபோங்கள்.

பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்கள் என்று சொல்வது பொய். குழாயின் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். சத்தம் பெரிது, ஃபேக்டரியில் ரோலர் பக்கத்தில் நிற்கிற மாதிரி. காதுக்கு அடைப்புத் தருவார்கள், கூப்பிடுவதற்குக் கையில் பெல் தருவார்கள். அரை மணி, முக்கால் மணி அசையாமல் படுக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதுண்டு. இருதயத்தில் பேஸ்மேக்கர், மூளை ஒப்பரேஷனில் வைத்த கிளிப், வெல்டிங் வேலையில் கண்ணில் பட்ட இரும்புத் தூள், கர்ப்பம், சிறுநீரக நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

கண்டி, கொழும்பு தேசிய வைத்தியசாலைகளில் இது இலவசம், ஆனால் திகதிக்குக் காத்திருக்க வேண்டி வரும். அதற்குள் வலிப்பு, விடாத வாந்தி, பார்வை மங்கல், கை கால் பலவீனம் வந்தால் திகதியைப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழைய எக்ஸ்ரே படம், கிளினிக் கொப்பி இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

அந்த அம்மா இப்போது நர்சரியில் வேலை செய்கிறார். தலையில் கயிறு போடுவதில்லை.